மீசையில் ஒட்டிய மண்

நான் குதிரை ஏறியவன் அல்ல. சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் பொய்க்கால் குதிரைக்காரர் ஒருவர் என்னைத் தம்முடைய கூட்டுக்குள் நிறுத்தி நாலடி நடக்கவிட்டார். அதுவும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு. என்னுடைய அசுவ சாஸ்திர ஞானம் அதோடு சரி. இப்பேர்ப்பட்டவன், சிறுவர் சிறுமியரின் குதிரைப் பந்தயச் சட்டங்களைப் பற்றி வாதாட வந்துவிட்டானே என்று நேயர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஏனென்றால், விஷயம் குதிரையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. கதை எழுதுகிற நானும், கதை படிக்கிற நீங்களும் இந்த வழக்கில் கொஞ்சம் குற்றவாளிகள்.

‘ஈவெண்டிங்’ என்று ஒரு பந்தயம். மூன்று பந்தயங்களை ஒரே கயிற்றில் கட்டியது. முதலாவது ‘டிரெஸ்ஸாஜ்’: வெள்ளை வேலி போட்ட ஒரு நீள்சதுரத்துக்குள் குதிரை அடக்கமாக நடக்க வேண்டும், ஓட வேண்டும், வளைய வேண்டும், நிற்க வேண்டும், கல்யாணப் பெண்ணைப் போல. அடுத்தது ‘கிராஸ் கன்ட்ரி’: அதே குதிரை புல்வெளியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நாலுகால் பாய்ச்சலில் ஓடி, மரக்கட்டைகளையும் வேலிகளையும் தண்ணீர்ப் பள்ளங்களையும் தாண்ட வேண்டும். இந்தத் தடைகள் தட்டினால் சாய்கிறவை அல்ல. இன்னொன்று ‘ஷோ ஜம்பிங்’: இங்கே கம்புகள் தட்டினால் விழும், ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டப் புள்ளி. சின்னப் போட்டிகளில் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அப்போது கிராஸ் கன்ட்ரியைக் கடைசியில் வைத்துக்கொள்வதும் உண்டு. எல்லாமே தண்டக் கணக்குத்தான். குறைவாகத் தண்டம் வாங்கியவர் ஜயித்தவர். (நம்முடைய குடும்ப வாழ்க்கையும் இப்படித்தானே என்று ஒரு வேதாந்தம் நாக்கு நுனி வரை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.)

இந்தப் பந்தயத்தின் சட்டப் புத்தகத்தில் ஒரு சட்டம்: கிராஸ் கன்ட்ரியில் சவாரி செய்கிறவர் குதிரையிலிருந்து விழுந்துவிட்டால் அவருடைய போட்டி அத்தோடு முடிந்தது. ஏறிக்கொண்டு மேலே போக முடியாது. சர்வதேச சம்மேளனத்தின் சட்டம் அது. பிரிட்டனிலும் அதுவே சட்டம். விழுவது என்றால் என்ன என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அடி பட்டதா, இரத்தம் வந்ததா, வலிக்கிறதா என்று சட்டம் கேட்பதே இல்லை. மறுபடியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்ததா, இல்லையா? வந்திருந்தால் விழுந்ததாகக் கணக்கு. முன்பு இப்படி இல்லை. விழுந்தால் 65 தண்டப் புள்ளி போடுவார்கள். தூசியைத் தட்டிக்கொண்டு ஏறிப் போகலாம். வீழ்ச்சிக்கு ஒரு விலை இருந்தது, கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

இந்தப் புதிய சட்டத்தை நான் நேருக்கு நேர் சந்தித்தது 2023-ஆம் வருஷம், இங்கிலாந்தில். குளாஸ்டர்ஷயர் ஜில்லாவில் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். நம் இறகுப் பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்த பாட்மின்டன் மாளிகை அந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கான பிரசித்தமான ஈவெண்டிங் போட்டி 1949-இல் தொடங்கியதும் அந்த மாளிகையின் மைதானத்தில்தான். அக்கம்பக்கத்தில் குதிரைப் பைத்தியம் பிடிக்காத வீடு கிடையாது. அடுத்த வீட்டுக்காரரின் பெண்ணுக்குப் பதினாலு வயது. செம்பட்டை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் நடந்த சின்னப் போட்டிக்கு, “நீங்களும் வாருங்கள்” என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

காலையில் டிரெஸ்ஸாஜ் நன்றாகவே நடந்தது. ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்புதான் விழுந்தது. மத்தியானம் கிராஸ் கன்ட்ரி. ஐந்தாவதோ ஆறாவதோ தடை, ஒரு பெரிய மரக்கட்டை. மட்டக்குதிரை பாய்ந்து வந்தது. கட்டைக்கு முன்னால் திடீரென்று முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிட்டது. பெண் நிற்கவில்லை. கழுத்தைத் தாண்டிக் கட்டைக்கு அந்தப் புறம் போய் விழுந்தாள்.

என் நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதினால் அது கதை. உண்மையில் நான் வாயில் வைத்த பிஸ்கட்டை மெல்ல மறந்து நின்றேன். ஆனால் அவள் உடனே துள்ளி எழுந்துவிட்டாள்! கடிவாள வாரைப் பற்றிக்கொண்டாள். “எனக்கு ஒன்றுமில்லை! எனக்கு ஒன்றுமில்லை!” என்று கத்தினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தகப்பனாரும், “அவளுக்கு ஒன்றுமில்லை! வெறும் புல்தரை!” என்று கத்தினார். தடைக்கருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் ஒரு வயதான அம்மாள். அவர் எழுந்து வந்து, குதிரைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவ்வளவுதான் செய்தார். ஆயினும் ஒரு கோட்டைச் சுவர் எழுந்த மாதிரி இருந்தது.

தகப்பனார் நல்ல மனிதர்; என் மகள் வீட்டுத் தோட்டத்துப் புல்லையும் சேர்த்து வெட்டிக் கொடுக்கிறவர். அந்தக் கால் மணி நேரம் மட்டும் அவர் வேறு ஆளாக இருந்தார். “ஒரு தடையில் குதிரை நின்றது. அதற்கு 20 புள்ளி. ஏறிப் போக விடுங்கள். பிள்ளைகளைப் பஞ்சில் சுற்றி வளர்க்கிற தேசமாகிவிட்டது இது!” என்று வாதாடினார். நடுவர் அம்மாள், “சட்டம், ஐயா” என்று மட்டும் சொன்னார். விழுந்தவரை டாக்டர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். டாக்டர் வந்தார். அந்தப் பெண் அவரிடமும் “எனக்கு ஒன்றுமில்லை” என்றாள். பிறகு தாயாரைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, டிரெஸ்ஸாஜ் எப்போது? என் முறை வந்துவிட்டதா?” என்று கேட்டாள்.

தாயார் பதில் சொன்னாள். ஒரு நிமிஷம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். காலைப் பொழுது முழுவதும் அவள் தலையிலிருந்து துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்தார்கள், தெளிந்துவிட்டாள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரையில் சில வாரங்கள் குதிரை ஏறவில்லை. அத்துடன் விஷயம் முடிந்தது. நான் சட்டத்தின் பக்கம் பேசுவதற்கு இதுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ரொம்பச் சுலபமான வாதம். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் சரிதான் என்பதே என் கட்சி.

சொல்கிறேன். கீழே விழுந்த பிள்ளையைப் பார்த்து, “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? தகப்பனார் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறார். மட்டக்குதிரைக்குக் கொடுத்த பணம், லாய வாடகை, வண்டிக்குப் போட்ட பெட்ரோல், அம்மா நாலு மணிக்கு எழுந்தது, எல்லாம் அந்தக் குழந்தைக்குத் தெரியும். கூட்டணியாகச் சேர்ந்து போட்டியிட்டால் இன்னும் மோசம்: நாலு பேரில் மூன்று பேருடைய புள்ளியைக் கணக்கில் எடுப்பார்கள், ஏற்கெனவே ஒருத்தி வெளியேறியிருந்தால் மற்ற மூவரில் யாரும் விழவே கூடாது. இந்த நிலையில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது நம் ஊர்ப் பழமொழி. மீசை வைத்த மனிதனைப் பார்த்துச் சிரிப்பதற்காகச் சொன்னது அது. மீசை முளைக்காத பிள்ளையிடம் போய் அதையே சத்தியப் பிரமாணமாக வாங்கிக்கொள்ளலாமா?

பிள்ளையிடம் கேட்க வேண்டாம், பெற்றவரிடம் கேட்கலாமே என்பீர்கள். பெற்றவர் எதைப் பார்ப்பார்? பிள்ளை எழுந்து நிற்பதைப் பார்ப்பார். எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்ட மாதிரியே அது நிற்கிறது. அதற்கு மேல் அவருடைய கண் வேலை செய்யாது. இது அன்புக் குறைவல்ல, அன்பின் கோளாறு. ஆகவேதான் சட்டம் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையையும் கேட்கவில்லை, தகப்பனையும் கேட்கவில்லை; நடுவரைக்கூட யோசிக்கச் சொல்லவில்லை. ‘மறுபடி ஏற வேண்டியிருக்கிறதா? முடிந்தது.’ ஒரு பதினாலு வயதுப் பெண், தான் கோழையா இல்லையா என்று இருநூறு பேர் எதிரில் அரை நிமிஷத்தில் தீர்மானிக்க வேண்டிய சங்கடத்தை இந்தச் சட்டம் அவள் தலையிலிருந்து இறக்கி வைக்கிறது. இதைவிடத் தயையான சட்டம் ஒன்றை நான் படித்ததில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் தகப்பனார் தேநீருக்குக் கூப்பிட்டார். மகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனிதர் கொஞ்சம் தணிந்திருந்தார். ஆனால் கட்சி மாறவில்லை. “இந்த விஷயம் வேறு, ஐயா. பொதுவாகச் சொல்கிறேன். விழுந்தவன் எழுந்து ஏறுவதுதான் இந்த விளையாட்டின் உயிர்” என்றார். பிறகு அந்த விளையாட்டின் புராணங்களை எடுத்துவிட்டார்.

1936, பெர்லின் ஒலிம்பிக். கான்ராட் ஃபான் வாங்கென்ஹைம் என்ற ஜெர்மன் இராணுவ அதிகாரி விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஏறி, ஓட்டத்தை முடித்தார். மறுநாள் ஷோ ஜம்பிங்கில் குதிரையோடு மறுபடியும் விழுந்தார், மறுபடியும் ஏறினார். அப்போது ஒரு கூட்டணியில் மூன்றே பேர். ஒருவர் முடிக்காவிட்டால் மூவருக்கும் ஒன்றுமில்லை. ஜெர்மனிக்குத் தங்கம் கிடைத்தது. 1960, ரோம். ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட், வயது 45; விழுந்து தோளில் பலத்த அடி; ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி வந்து குதிரை ஏறினார். தங்கம். 1964, டோக்கியோ. லானா டு பான்ட் என்ற அமெரிக்க அம்மையார். ஒலிம்பிக் ஈவெண்டிங்கில் இறங்கிய முதல் பெண்மணி. இரண்டு முறை குதிரையோடு விழுந்தார். இரண்டு முறையும் எழுந்து ஓட்டத்தை முடித்தார். வெள்ளி.

சொல்லும்போது அவர் கண்கள் ஈரமாகிவிட்டன. எனக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன்: அந்தக் கதைகள் அற்புதமான கதைகள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால், நானும் அதே கதையை எழுதியவன். என்னுடைய நாவல் ஒன்றில் ரேக்ளாப் பந்தயம் வருகிறது. கதாநாயகன் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, நெற்றியில் இரத்தம் வழிய, ஓடிப்போய் வண்டியில் தாவி ஏறி ஜயிக்கிறான். அந்த அத்தியாயம் பத்திரிகையில் வந்த வாரம் எனக்குக் கடிதங்கள் குவிந்தன. ஒரு தாயார், தன் பையனுக்கு அதை மூன்று தடவை படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். அன்றைக்குப் பூரித்துப் போனேன். இத்தனை கடிதங்களில் ஒருவராவது, “மாடுகளுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டாரா? இல்லை. எழுதிய எனக்கே தெரியாது. மாடுகளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கதாநாயகியிடம் போய்விட்டேன்.

டோக்கியோக் கதையிலும் அடுத்த வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மையார் ஏறியிருந்த குதிரையின் பெயர் மிஸ்டர் விஸ்டர். முதல் தடவை விழுந்தபோதே அதன் தாடை எலும்புகள் பல முறிந்துவிட்டன. முறிந்த தாடையில் கடிவாளத்தைத் தாங்கிக்கொண்டு அந்த ஜீவன் மிச்சமிருந்த தடைகளையெல்லாம் தாண்டியது. அம்மையாருடைய வீரத்தை நான் ஒரு குன்றிமணி அளவும் குறைத்துப் பேசவில்லை. பெண்ணால் முடியாது என்று அதுவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தவர்கள் எதிரில் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் வீரக் கதையின் கணக்குப் புத்தகத்தில் குதிரைக்கு ஒரு பக்கமே ஒதுக்கவில்லையே! குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நாம் குதிரை மேல்தான் பழி போடுவோம். எத்தனை முறை குழியைப் பறித்தவன் மேலே உட்கார்ந்திருந்தவன்?

இன்னொன்று. இந்தப் பந்தயம் பிறந்தது இராணுவத்தில். 1912-இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்தபோது இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடம். அணிவகுப்பில் அடக்கம், போர்க்களத்தில் வேகம், களைத்த பிறகும் தெம்பு: பட்டாளத்துக் குதிரையிடம் எதிர்பார்த்த குணங்கள் இவை. யுத்தத்தில் செய்தி கொண்டு போகிறவன் விழுந்தால் எழுந்து ஏறித்தான் ஆக வேண்டும். கடிதம் போய்ச் சேராவிட்டால் ஒரு படையே அழியலாம். சரி. அந்தப் பதினாலு வயதுப் பெண்ணின் சட்டைப் பையில் என்ன கடிதம் இருந்தது? யாருக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது?

பெரியவர்கள் கதை என்ன ஆயிற்று என்றும் பார்க்கத்தான் வேண்டும். 1999-ஆம் வருஷம் பிரிட்டனில் ஒரே பருவத்தில் ஐந்து பேர் இந்தப் பந்தயத்தில் உயிரிழந்தார்கள். குதிரையின் முன்னங்கால் அசையாத தடையில் தட்டி, குதிரை கரணம் அடித்து, சவாரி செய்கிறவர் மேலேயே விழுவதுதான் இதில் மிகப் பயங்கரமான விபத்து. விசாரணைக் குழு 2000-இல் அறிக்கை கொடுத்தது. குதிரை விழாமல் தடுப்பதற்கு வேண்டியதெல்லாம் செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். பிறகுதான், பலமாக மோதினால் முறிந்து கட்டையைக் கீழே இறக்கிவிடும் ஆணிகள் தடைகளில் வந்தன. அந்த ஆணியை முறித்தால் சர்வதேசப் போட்டியில் 11 தண்டப் புள்ளி. உயிரைக் காப்பாற்றிய ஆணிக்குத் தண்டமா என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள். 11 புள்ளி கொடுத்து உயிர் வாங்குவது மலிவு என்பது என் அபிப்பிராயம்.

சட்டப் புத்தகம் என்றால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே போனால், பெற்றோருக்கு ஆசை எப்படியெல்லாம் வரும் என்று ஒரு நாவலாசிரியனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சவுக்கைக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள உபயோகிக்கக் கூடாது. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு ஓர் அடிகூட அடிக்கக் கூடாது. கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் கூடாது. தோற்ற பிறகு விழுகிற அடி எதற்காக விழுகிறது என்று தெரிந்த யாரோ எழுதிய வாக்கியம் அது. அமெரிக்காவில் ஆரம்ப நிலைப் போட்டிகளில், குறித்த நேரத்துக்கு ரொம்ப முன்னதாக வந்து சேர்ந்தாலும் தண்டம்! பந்தயத்தில் சீக்கிரம் வந்ததற்குத் தண்டனை கொடுக்கும் விந்தையை வேறெங்கே காண்பீர்கள்? குதிரைக்கும் ஓர் உரிமை உண்டு. ஒரு தடையின் முன்னால் ‘மாட்டேன்’ என்று நின்றால் 20. அதே தடையில் இரண்டாம் முறை 40. மூன்றாம் முறை நின்றால் பந்தயமே முடிந்தது, குதிரை சொன்னதுதான் தீர்ப்பு. சர்வதேசப் போட்டிகளில் மட்டக்குதிரைப் பிரிவுக்கு வயது 12 முதல் 16. அடுத்தது 14 முதல் 18. அதற்கு மேல் 16 முதல் 21. மட்டக்குதிரையின் உயரம் லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பணம் இருக்கிறது என்று பெரிய குதிரையாக வாங்கிச் சின்னப் பிள்ளையை மேலே ஏற்றிப் பெரிய பந்தயத்துக்கு நேரே அனுப்ப முடியாது. கீழ்ப் படிகளில் தடை தவறாமல் முடித்துக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஓர் இடத்தில் சறுக்கிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. ஓட்டத்தின் நடுவே வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லி உதவக் கூடாது என்பது சட்டம். நியாயமானது. ஆனால் தகப்பன் கயிற்றுக்கு அப்பாலிருந்து கத்தினால் நீக்கப்படுவது யார்? பிள்ளை! அப்பன் செய்த பாவத்துக்கு மகள் வீட்டுக்குப் போகிறாள். நான் சட்டம் எழுதுகிறவனாக இருந்தால் கத்தின தகப்பனை அடுத்த மூன்று போட்டிகளுக்கு மைதானத்து வாசலிலேயே நிறுத்துவேன். வண்டியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கட்டும்.

எதிர்க்கட்சியில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். விழுந்த பயத்தோடு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால் அந்தப் பயம் ராத்திரியில் வளரும்; ஆகவே உடனே ஏற்றிவிட வேண்டும் என்கிறார்கள். பயம் வளரும் என்பது வாஸ்தவம். ஆனால் சட்டம் ‘இனி ஏறாதே’ என்று சொல்லவில்லையே! ‘இன்றைக்கு, புள்ளிக்காக, அசையாத தடைகளின் மேல் ஏறாதே’ என்கிறது. டாக்டர் பார்த்த பிறகு, வீட்டுத் தோட்டத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், நடையாக நாலு சுற்றுச் சுற்றட்டும். பயத்துக்கு மருந்து அது. இருநூறு பேர் எதிரில் பாய்ச்சலில் போவது பயத்துக்கு மருந்தல்ல. தகப்பனாருடைய வெட்கத்துக்கு மருந்து.

இதை அன்று தேநீரின்போது அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் குதிரை ஏறியதே இல்லை அல்லவா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதுதான்” என்றார். இன்னமும் வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அனுப்புகிறார். ஒவ்வொரு வாழ்த்திலும் அந்தச் சட்டத்தைத் திட்டி ஒரு வரி இருக்கும். பெண் இப்போது பெரிய குதிரையில் ஏறுகிறாளாம்.

போன மாதம் என்னுடைய பிரசுரகர்த்தர் அந்த ரேக்ளா நாவலுக்கு மறுபதிப்புப் போடுவதாகச் சொல்லி, அச்சுப் பிழை திருத்தப் பிரதியை அனுப்பியிருந்தார். நெற்றியில் இரத்தம் வழிகிற அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். அவன் தாவி ஏறுகிற இடத்தில் யாராவது ஒரு கிழவி குறுக்கே வந்து நிற்கட்டுமே என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பிரசுரகர்த்தர் உடனே டெலிபோனில் கூப்பிட்டார். “ஸார், ஜனங்கள் அந்த அத்தியாயத்துக்காகத்தான் புத்தகத்தையே வாங்குகிறார்கள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.